துண்டுக்கு அடியில் ஒரு கார்

கொழும்பில் நான் கார் விற்கிறேன். பதினாறு வருடமாக அதே கடை, அதே கண்ணாடிச் சுவர், அதே டை. எங்கள் கடையில் ஒவ்வொரு வண்டியின் முன்கண்ணாடியிலும் விலை எழுதிய அட்டை ஒன்று இருக்கும். வருகிறவர் அட்டையைப் பார்ப்பார். பிடித்தால் வாங்குவார், பிடிக்காவிட்டால் குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பேரம் என்ற பேச்சே கிடையாது. வண்டி துறைமுகத்தில் இறங்கும்போது என்ன விலை, தீர்வை எவ்வளவு, அதன்மேல் கடை எவ்வளவு வைக்கிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கார் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற எண்ணத்தோடுதான் ஊருக்குக் கப்பல் ஏறினேன்.

எஸ்தர் அக்காவின் கடிதம்தான் காரணம். அவள் என் உடன்பிறந்தவள். வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் இரண்டே அறை உள்ள ஒரு மிஷன் மருந்தகத்தில் நர்ஸ். டாக்டர் மாதத்துக்கு இரண்டு தடவைதான் வருவார். மற்ற நாளெல்லாம் அவள்தான் டாக்டர். சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள். தீக்காயம் பட்டவர்களை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போக அவளுக்கு ஒரு வண்டி வேண்டும். கொழும்பில் எங்கள் சபையார் இரண்டு வருடமாகக் கேக் விற்றும் பாட்டுக் கச்சேரி வைத்தும் சேர்த்த எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் அவள் பெயருக்குச் சிவகாசி பாங்கில் வந்து சேர்ந்துவிட்டது. "வண்டி வாங்க விவரம் தெரிந்த ஆள் இல்லை. நீதான் இத்தனை வருடமாகப் பீற்றிக்கொள்கிறாயே, வந்து வாங்கிக் கொடு" என்று எழுதியிருந்தாள். எனக்கு இரண்டு வாரம் லீவு கிடைத்தது.

கொழும்பிலேயே வாங்கி அனுப்பினால் என்ன என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அங்கே சின்ன இங்கிலாந்து வண்டி ஒன்று ஏழாயிரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் இந்தியாவுக்குள் கொண்டுவர லைசென்சு வேண்டும், அது எங்களுக்குக் கிடைக்காது. ஐம்பதுகளின் தொடக்கம் அது. சீமைக் கார்கள் இந்தியாவுக்கு வந்துகொண்டுதான் இருந்தன, ஆனால் எண்ணி எண்ணி. மதராஸுக்கு எழுதிக் கேட்டதற்கு, "எட்டாயிரத்து எழுநூறு, பதினோரு மாதம் காத்திருக்க வேண்டும்" என்று பதில் வந்தது. உடனே வேண்டுமென்றால் நேரில் வரலாம் என்று கீழே ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு இன்னொரு ஆயிரம் என்பது அந்தத் தொழிலில் இருக்கிற எனக்குச் சொல்லாமலே புரிந்தது.

முதல் நாள் மதுரை. மோட்டார் கடையில் நான்கு மின்விசிறிகள் ஓடின. நடுவில் நான் தேடிய அதே வண்டி நின்றது. முன்கண்ணாடியில் அட்டை இல்லை. கடைக்காரர் டெலிபோனில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். "உங்கள் ஏலக்காய்த் தோட்டம் எத்தனை ஏக்கர் சார்?" என்று முதலில் கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டு, ஒரு நொடி யோசித்த பிறகுதான் விலையைச் சொன்னார். டெலிபோனை வைத்துவிட்டு என்னிடம், "நீங்க எந்த ஊரு?" என்றார்.

"கொழும்பு."

"வண்டி ஓடப்போறது எந்த ஊர்லன்னு கேக்குறேன்."

வெம்பக்கோட்டை என்றேன். மருந்தகத்துக்கு என்றும் சொன்னேன். ஒன்பதாயிரத்து அறுநூறு என்றார். அதில் சீட்டு உறை, கால்மிதி, கூடுதல் ஹாரன் எல்லாம் சேர்த்தி. அதெல்லாம் வேண்டாம், வெறும் வண்டி போதும் என்றால் வெறும் வண்டி விற்பதில்லையாம். நானும் இதே தொழில்தான் என்று சொன்னதும் மனிதர் இளகிவிட்டார். விலையில் இளகவில்லை, பேச்சில் மட்டும் இளகினார்.

"காரைக்குடிப் பக்கம்னா விலையையே கேக்க மாட்டாங்க சார், நிறத்தைத்தான் கேப்பாங்க. போடியில விலை கேப்பாங்க, குறைக்கச் சொல்ல மாட்டாங்க. ஊருக்கு ஊரு நாங்க வேற வேற விலைதான் வச்சிருக்கோம். விருதுநகர்க்காரங்களுக்கு மட்டும் விக்கிறதே இல்லை."

"ஏன்?"

"விக்க உக்காந்தோம்னா, எந்திரிக்கும்போது அவங்க நமக்கு எதையாவது வித்திருப்பாங்க."

கொழும்பில் இப்படி ஊர் கேட்டு விலை சொன்னால் எங்கள் துரை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிடுவார். இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை. ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார்.

இரண்டாம் நாள் அக்காவிடம் போனேன். சிவகாசி வரை பஸ். ஆமத்தூரில் டயர் பஞ்சர் ஆகி ஒரு மணி நேரம் வேப்பமரத்தடியில் நின்றோம். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தி சாத்தூர் சேவுப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கமும் நீட்டினாள். "கொளும்புல நல்ல அரிசி கெடைக்குதாய்யா? எங்க மச்சினன் அங்கனதான் கடை வச்சிருக்காக" என்றாள். கொழும்பு என்றால் ஒரே தெரு என்று நினைத்தாளோ என்னவோ, மச்சினன் பெயரைச் சொல்லி எனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றதும் பொட்டலத்தை மடித்து வைத்துக்கொண்டாள்.

சிவகாசியிலிருந்து மாட்டுவண்டி. முந்தின இரவு மழை பெய்திருந்தது. கரிசல் மண்ணில் மழை விழுந்தால் என்ன ஆகும் என்று நான் மறந்தே போயிருந்தேன். சக்கரத்தில் மண் அப்பி அப்பி, சக்கரம் எது வண்டி எது என்று தெரியாமல் போய்விட்டது. இறங்கித் தள்ளினேன். என் இடது காலணி மண்ணுக்குள் போய்விட்டது. வண்டிக்காரர் சிரிக்காமல் அதைக் கையால் தோண்டி எடுத்துக் கொடுத்தார். பத்து மைலுக்கு நான்கு மணி நேரம் ஆயிற்று.

டையும் சேறுமாக நான் போய் இறங்கியதைப் பார்த்து அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். கால் கழுவத் தண்ணீர் கொடுத்துவிட்டு, சிரிப்பை நிறுத்தினாள்.

"நல்லா இருக்கிற நீயே வந்து சேர இம்புட்டு நேரமாயிருக்கு. இதே வண்டியிலதான் ஆளுகளைப் படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போறேன். போன தீபாவளிக்கு முன்னால மூணு பேரை ஏத்துனேன். ரெண்டு பேரைத்தான் கொண்டு சேத்தேன்."

குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். கொழும்பில் பெரிய பெரிய ஓட்டல் வாசலில் எத்தனையோ வண்டிகளின் சாவியை ஒப்படைத்திருக்கிறேன். இந்த ஒரு வண்டியின் சாவியை அக்கா கையில் கொடுக்காமல் திரும்பக் கூடாது என்று அன்று சாப்பிடும்போதே முடிவு செய்தேன். தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. கம்பெனிகளில் வேலை மும்முரமாவது இந்த ஐந்து வாரத்தில்தான்.

மூன்றாம் நாள் சிவகாசி. காலண்டர் அச்சடிக்கும் ஒரு பிரஸ் மாடியில் கார் தரகர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறை முழுக்கக் கொடி கட்டி, மை காயாத லட்சுமி படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு லட்சுமிகளை விலக்கிக்கொண்டுதான் அவர் முகத்தைப் பார்க்க முடிந்தது. பத்தாயிரம் என்றார் தரகர். மதுரையில் ஒன்பதாயிரத்து அறுநூறு என்றேன்.

"மதுரையில ஊரைப் பாத்து விலை. இங்கன மாசத்தைப் பாத்து விலை. இப்ப சீசன்லா? வடக்க இருந்து ஆர்டர் பணம் எல்லாம் இப்பத்தான் வந்து எறங்குது. எல்லாரும் கார் கேப்பாக. சித்திரையில வாங்க, எட்டேகாலுக்குத் தாரேன்."

"தீக்காயம் பட்டவன் சித்திரை வரைக்கும் காத்திருப்பானா?" என்று கத்திவிட்டேன். தரகர் கோபப்படவில்லை. "விருதுநகர்ல மண்டி அண்ணாச்சியைப் பாருங்க" என்று ஒரு துண்டுத்தாளில் தெருவின் பெயரை எழுதிக் கொடுத்தார். ராமலிங்கம் அண்ணாச்சி என்பது பெயர். மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி.

கார் வாங்க மிளகாய் மண்டியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நான்காம் நாள் போய்ப் பார்த்தால், உண்மையாகவே மண்டிதான். தராசு, சாக்கு, மூட்டை தைக்கிற ஆட்கள், நெடி. உள்ளே போனதும் ஏழெட்டுத் தும்மல் போட்டேன். கிட்டங்கி என்கிற சரக்கறைக்குள் வத்தல் மூட்டைகள் இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் அடுக்கியிருக்க, நடுவில் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது நான் தேடிய வண்டி. துரைமார் இதைப் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார்கள்.

அண்ணாச்சிக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. அவருடைய சரக்கெல்லாம் தூத்துக்குடி வழியாகக் கப்பலேறுகிறது. அந்தப் பழக்கத்தில் அங்கே கார் இறக்குமதி செய்கிற கம்பெனி வருடத்துக்கு மூன்று நான்கு வண்டிகளை இவரிடம் விற்கக் கொடுக்கிறது. மல்லி விற்றாலும் கார் விற்றாலும் அவருக்கு ஒன்றுதான். நூற்றுக்கு இவ்வளவு என்று கமிஷன், அதில் பள்ளிக்கூடத்துக்கு என்று மகமை. மகமை என்பது அங்கே கடைக்காரர்கள் தங்கள் வியாபாரத்திலிருந்து ஊர்ப் பொதுக் காரியத்துக்கு எடுத்து வைக்கிற பங்கு. சீட்டு உறையும் இல்லை, சீசனும் இல்லை. கேட்கக் கேட்க எனக்கு அவர்மேல் மரியாதை ஏறிக்கொண்டே போனது.

நான் யார் என்று சொன்னதும், "நர்சம்மா தம்பியா? ஏலே, தம்பிக்குக் கருப்பட்டிக் காப்பி வாங்கிட்டு வா" என்று மூட்டை தைக்கிறவரிடம் சொல்லிவிட்டு, துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "கையைக் கொடுங்க."

கொடுத்தேன். என் கையையும் தன் கையையும் துண்டால் மூடிக்கொண்டார். அந்த ஊரில் அப்படித்தான் விலை பேசுகிறார்கள். வாய் திறப்பதில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துச் சொல்வது, விரலைப் பிடித்துக் கேட்பது. சுற்றி இருபது பேர் நின்றாலும், விலை அந்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும்.

"எட்டாயிரம் அடி விலை. அதுக்கு மேல உள்ள நூறை மட்டும் விரல் சொல்லும். புரியுதா?" என்று மெதுவாகக் காதோடு சொன்னார்.

என் மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தார்.

அந்த நேரத்தில் எனக்கு எப்படி இருந்தது என்றால், அக்கா மதுரை ரோட்டில் அந்த வண்டியில் போவதே கண்ணில் தெரிந்தது. பெட்ரோலுக்குக்கூட இருநூறு ரூபாய் மிச்சம். கொழும்புப் புத்தி, கேட்டதும் வாயைத் திறந்துவிட்டது. "எட்டாயிரத்து முந்நூறா! அண்ணாச்சி, நீங்கள் தெய்வம்! சிவகாசியில் பத்தாயிரம் சொன்னார்களே!"

தராசுக்காரர் தட்டில் சரக்குப் போடுவதை நிறுத்தினார். அண்ணாச்சி துண்டுக்கு அடியிலிருந்து தன் கையை இழுத்துக்கொண்டார்.

அவருக்கு எதிர்ப் பெஞ்சில் இரண்டு பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்ததை நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ஒருவர் சங்கரபாண்டி. தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர். மற்றவர் அவரிடம் சரக்கு எடுக்க நாக்பூரிலிருந்து வந்திருந்த ஏஜெண்டு. சங்கரபாண்டி நான்கு மாதம் முன்பு இதே மண்டியில், இதே மாதிரி வண்டி ஒன்றை, ஒன்பதாயிரத்து இருநூறுக்கு வாங்கியிருக்கிறார். அந்த வண்டியில்தான் ஏஜெண்டைக் காலையில் கூட்டி வந்திருக்கிறார். வழியில் ஏஜெண்டு விலையையும் கேட்டு வைத்திருக்கிறார்.

ஏஜெண்டு அரைகுறைத் தமிழ் தெரிந்தவர். என் சத்தம் அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது. சிரித்துக்கொண்டே இந்தியில் ஏதோ சொன்னார். அதன் அர்த்தத்தை, வடக்கத்தி வியாபாரிகளோடு பழகிய தராசுக்காரர் பிறகு எனக்குச் சொன்னார். "காருக்குத் தொள்ளாயிரம் விட்டுக்கொடுத்தவர் எனக்கு மத்தாப்புப் பெட்டிக்கு அரையணா விட்டுக்கொடுக்க மாட்டாரா?"

சங்கரபாண்டி டம்ளரைக் கீழே வைத்தார். யாரையும் பார்க்காமல் வெளியே போனார். ஏஜெண்டும் பின்னாலேயே போனார்.

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "உங்க கையில நான் பிடிச்சது ஆஸ்பத்திரி விலை. எனக்குக் கமிஷன் இல்லை. அவருக்குக் கொடுத்தது ஏவார விலை. ரெண்டையும் ஒரே எடத்துல வெளிச்சம் போட்டீகன்னா நான் திருடன், அவரு ஏமாளி."

"ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டால் போகிறது."

"சொல்லலாம். நாளைக்குக் கார் கேக்க வாரவுக எல்லாரும் ஆஸ்பத்திரிக்குன்னுதான் கேப்பாக." சாக்கை எடுத்து மறுபடி வண்டிமேல் போர்த்தினார். "இனிமே ஒம்பதாயிரத்து இருநூறுக்குக் கீழே இந்த வண்டி போகாது தம்பி. போனா இந்தப் பஜார்ல என் கையை எவனும் பிடிக்க மாட்டான்."

எட்டாயிரத்து ஐந்நூறை வைத்துக்கொண்டு ஒன்பதாயிரத்து இருநூறு கொடுக்க முடியாது. காப்பி வந்தது. குடிக்கவில்லை.

அக்காவிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. சொன்னேன். காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவள், கட்டை முடித்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு வந்து திட்டினாள். "பொறந்ததுல இருந்தே உனக்கு வாய் நிக்காது. விலையைச் சத்தம் போட்டுச் சொன்னா வெண்கலக் கிண்ணம் பரிசு தருவாகளா? போ, போய்ச் சங்கரபாண்டி அண்ணாச்சிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வா. வண்டி கெடைக்காட்டியும் போகுது. நாளைக்கு அவரு கம்பெனி ஆளுகளுக்கும் நான்தான் கட்டுப் போடணும்."

ஐந்தாம் நாள் தாயில்பட்டி. கம்பெனிக்கு வெகு தூரத்துக்கு முன்பே ஓர் உடைமரத்தடியில் சங்கரபாண்டியின் கார் நின்றது. காவல்காரர் என்னை நிறுத்தினார். "எஞ்சின் எதுவும் இதுக்கு மேல வராது. செருப்பைக் கழட்டுங்க, ஆணி உரசும். தீப்பெட்டி, பீடி இருந்தா இங்கன வச்சிருங்க." ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்துச் சீமைக் கார் வாங்கியவர், அதை மரத்தடியில் விட்டுவிட்டுத் தன் கம்பெனிக்குள் வெறுங்காலோடுதான் நடந்து போகிறார். உள்ளே தனித்தனியாக, ஒன்றுக்கொன்று எட்ட எட்ட நின்ற சின்னச் சின்ன அறைகளில் பெண்கள் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். பேச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

சங்கரபாண்டி வெளியே வந்தார். கையில் அலுமினியத் தூள் மினுங்கியது. நான் மன்னிப்புக் கேட்டேன். அழுகை வரும் போலிருந்தது, அதையும் மறைக்கவில்லை.

"நீங்க சொன்னது தப்பில்ல. சொன்ன எடம்தான் தப்பு" என்றார். "அண்ணாச்சி நர்சம்மாவுக்காகக் குறைச்சாருன்னு எனக்கு அப்பவே தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? அந்த ஏஜெண்டு நேத்துல இருந்து பெட்டிக்கு அரையணா குறைங்கறாரு. அவரு ஆர்டர்தான் எனக்கு இந்த சீசன்ல பாதி. குறைச்சா இங்கன உள்ள ஆளுகளுக்குக் கூலி குறைக்கணும். குறைக்காட்டி அவரு வேற கம்பெனிக்குப் போயிருவாரு."

நான் விளையாட்டாகத் திறந்த வாய் இவ்வளவு தூரம் போயிருக்கிறது. அந்த அறைகளைத் திரும்பிப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "திங்கக்கெழமை அவரு மண்டிக்கு வருவாரு. அவரு காதுல விழுற மாதிரி நீங்க அந்த வண்டியை ஒம்பதாயிரத்து முந்நூறுக்கு வாங்குங்க. அன்னைக்குக் கத்துனது நீங்க கேட்ட விலை, அண்ணாச்சி ஒத்துக்கிடாத விலைன்னு ஆயிரும். என் கைக்கு உங்க கையை விட நூறு ரூவா கொறைச்சு முடிஞ்சிருக்குன்னு அவருக்குத் தெரியணும்."

"என்னிடம் அவ்வளவு பணம் இல்லையே."

"விலையைச் சத்தமாச் சொல்லுங்க. பணம் சத்தமில்லாம வரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

அக்காவிடம் இதைச் சொன்னபோது எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. அதையும் சொன்னேன். பதினாறு வருடம் கார் விற்றவன், பஜார் நடுவில் எல்லாரையும் விட அதிக விலை கொடுத்து முட்டாள் பட்டம் வாங்க வேண்டுமா? அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். "உன் கவுரவம் ஆயிரம் ரூவா பெறுமா?"

யோசித்துப் பார்த்தேன். பெறாது.

ஆறாம் நாள் மழை. ஏழாம் நாள் ஞாயிறு, கோயிலுக்குப் போய்விட்டு வந்து ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டேன். அக்கா வைத்த குழம்பை நினைத்துத்தான் நான் கொழும்பில் பாதி நாள் உயிர் வாழ்கிறேன். அன்று மட்டும் ருசி தெரியவில்லை.

திங்கட்கிழமை மண்டியில் எல்லாரும் இருந்தார்கள். சங்கரபாண்டி, ஏஜெண்டு, தராசுக்காரர், மூட்டைக்காரர்கள். நான் போனதும் அண்ணாச்சி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு துண்டை எடுத்தார். துண்டுக்கு அடியில் அவர் விரலைப் பிடிக்கவில்லை. சின்ன நோட்டுக்கட்டு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். நான் திடுக்கிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றுமில்லை.

"எட்டாயிரத்து முந்நூறுக்குத் தர முடியாது என்கிறீர்கள், அப்படித்தானே?" என்றேன் சத்தமாக. குரல் கொஞ்சம் நடுங்கியது. அது நடிப்புக்கு உதவியாகவே இருந்தது.

"முடியாது தம்பி. ஒம்பதாயிரத்து முந்நூறு. எடுத்தா எடுங்க."

"சங்கரபாண்டி அண்ணாச்சிக்கு ஒன்பதாயிரத்து இருநூறுக்குக் கொடுத்தீர்களே!"

"அவரு கை பிடிக்கத் தெரிஞ்சவரு."

நான் பெருமூச்சு விட்டு, தலையில் கை வைத்து, ஒன்பதாயிரத்து முந்நூறை எண்ணிக் கொடுத்தேன். ஏஜெண்டு சிரிப்பை அடக்க முடியாமல் காப்பியைச் சட்டையில் சிந்திக்கொண்டார். மூட்டைக்காரர்களில் ஒருவர், "கொளும்புக்காரர் தலையில நல்லாக் கட்டிட்டாரு அண்ணாச்சி" என்று அடுத்தவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. காது சுட்டது. சங்கரபாண்டி என்னைப் பார்க்கவே இல்லை. ஏஜெண்டோடு மத்தாப்பு விலை பேசத் தொடங்கியிருந்தார். பெட்டிக்கு அரையணா குறையவில்லை என்று பிறகு தெரிந்தது.

நான் எண்ணிக் கொடுத்ததில் பத்து நூறு ரூபாய் நோட்டுகள் துண்டுக்கு அடியில் வந்தவை. எண்ணும்போது மூக்கில் ஏறியது. சில நோட்டுகளில் மிளகாய் நெடி, சிலவற்றில் கந்தக வாசனை. எதில் எத்தனை என்று நான் பார்க்கவில்லை. அண்ணாச்சி முதல் தடவை என் கையில் பிடித்த மூன்று விரல் விலையில் ஒரு பைசாவும் கூடவில்லை. கொழும்பில் எங்கள் துரை அந்த ஒன்பதாயிரத்து முந்நூறு ரூபாய்ப் பில்லைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் சிரித்தார். அவரிடம் நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. சபையார் கேட்டதற்கு, மிச்சத்தை ஊரார் போட்டார்கள் என்றேன்.

அடுத்த நான்கு நாள் மருந்தகத்துக் கம்பவுண்டர் ஞானமுத்துவுக்கு வண்டியைப் பழக்கினேன். அவர் யுத்தத்தில் லாரி ஓட்டியவர். சின்ன வண்டியையும் லாரி மாதிரியே ஓட்டினார். பின் சீட்டைக் கழற்றி, ஓர் ஆள் சாய்ந்து படுக்கிற மாதிரி பலகை அடித்துப் பஞ்சு மெத்தை போட்டோம். எவ்வளவு கழுவியும் வத்தல் நெடி போகவில்லை.

நான் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள், காலை பத்து மணிக்கு ஆள் ஓடி வந்தது. எந்தக் கம்பெனியில் தீப்பிடித்தது என்பது வேண்டாம். ஞானமுத்து மருந்து வாங்கச் சிவகாசி போயிருந்ததால் நான்தான் ஓட்டினேன். வண்டி மரத்தடி வரைக்கும்தான் போகலாம். அங்கிருந்து கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சீனியம்மாள் என்று ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம். இரண்டு கையும் முழங்கை வரைக்கும். அக்கா ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டே பின்னால் ஏறினாள்.

நான் கண்ணாடியில் பார்த்தேன். சீனியம்மாள் அழவில்லை. சாயவும் இல்லை. பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்து கூரையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பிறகு என் முதுகைப் பார்த்தாள்.

"அய்யா, வாடகை எம்புட்டு?"

"வாடகை எல்லாம் இல்லை. படுத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

"படு தாயி. நம்ம ஆஸ்பத்திரி வண்டிதான்" என்றாள் அக்கா.

சிவகாசியைத் தாண்டியதும் சீனியம்மாள் மறுபடி கேட்டாள். "காருக்கு வாடகை இல்லாம இருக்குமாக்கா? மதுரை போயித் திடுதிப்புன்னு அம்பது அறுபதுன்னு கேட்டா நான் எங்கன போவேன்? ஆமத்தூர்ல எறக்கி விட்ருங்க. அங்கன எங்க அத்தை இருக்காக."

அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அவளுக்குப் பயம்தான் கூடியது. ஆமத்தூர் வேப்பமரம் தெரிந்ததும், கட்டுப் போட்ட கையாலேயே கதவைத் தள்ளப் பார்த்தாள். அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது சொல்லுலே" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள்.

இந்த ஒரு வண்டிக்குப் பத்து நாளில் ஐந்து விலை கேட்டவன் நான். வேகத்தைக் குறைக்காமல் சொன்னேன். "நாலணா."

பின்னால் சத்தம் நின்றது. "மதுரைக்கா?" என்றாள் சீனியம்மாள்.

"மதுரைக்குத்தான்."

"நாலணா சாஸ்தி. ரெண்டணா தாரேன். இப்ப இல்ல. கை சொகமாகி வேலைக்குப் போயித்தான் தருவேன்."

"மூன்றணா கொடுங்கள்."

"ரெண்டுதான்யா."

"சரி, ரெண்டணா."

அதன் பிறகுதான் அவள் மெத்தையில் சாய்ந்தாள். மதுரை வரைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு தடவை தும்மினாள். பெரியாஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மணி ஒன்றரை ஆகவில்லை.

மறுநாள் நான் கப்பல் ஏறிவிட்டேன். பொங்கல் கழிந்து அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. வண்டி பதினேழு தடவை மதுரைக்குப் போய்விட்டது, ஞானமுத்து ஒரு கோழியையும் ஒரு மைல்கல்லையும் இடித்தார், டயர் தேய்ந்துவிட்டது, உன் கடையில் சொல்லி அனுப்ப முடியுமா என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தாள்.

"நேற்று சீனியம்மாள் வந்தாள். உன்னிடம் பேசிய இரண்டணாவைத் தன் கையாலேயே எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனாள்."